பதினோரு கிலோ

மழை பெய்தால் காம்பு சுழலும்.
இரண்டு ஆணிகளில் ஒன்று எப்போதோ கழன்று
லிம் சூ காங் சேற்றில் போய்விட்டது.
கறுப்பு பிளாஸ்டிக்.
யாருடைய கையை அளந்து வார்த்தார்களோ,
என் கையை இல்லை.

கட்டைவிரல் மூட்டில் கத்தி வைத்த பிறகு
(அது டாக்டருடைய கத்தி, அதற்கு நல்ல காம்பு)
என் வலக்கை முழுசாக மூடுவதில்லை.
ஜூரோங் ஆஸ்பத்திரியில்
ஓர் இரும்புப் பிடியைக் கொடுத்து
அமுக்குங்க, இன்னும், இன்னும் என்றாள் ஒருத்தி.
முள் பதினோரு கிலோவில் நின்றது.
பண்ணை வேலையை விட்டுடலாமே என்றாள்.
விடலாம்.
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம்.

பாராங்கைப் பையில் போட்டுக்கொண்டு
ரயில் ஏற முடியாது.
இந்த ஊரில் வேலிக்குள் இருக்கும்வரைதான் அது கருவி,
தாண்டினால் வழக்கு.
மொஃபிசுல் பழைய காம்பை உடைத்துத் தந்தான்.
துருவேறிய வாலை உரப்பெட்டி அட்டையில் வைத்து
பேனாவால் சுற்றி வரைந்தேன்,
துளைகள் இரண்டையும் சேர்த்து.
பக்கத்தில் என் கையை வைத்து
நீ வரை என்றேன்.
கூச்சக்காரன், விரலில் படாமல் வரைந்தான்.
அதனால் அட்டையில் என் கை
கொஞ்சம் பெருத்தே இருக்கிறது.

சுவா சூ காங் நிலையத்தில்
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
சாப்பாட்டு டப்பா, குடை, அட்டை.
"இது என்னக்கா?"
"கத்தியோட வால்."
"கத்தி எங்க?"
"வேலையில இருக்கு."
காவலர் சிரிக்கவில்லை.
ஆனால் வரைந்த அட்டையை அவர் தூக்கியது
காம்புப் பக்கமாகத்தான்.

ஜாலான் புசார் சந்தில் மரம் கேட்டேன்.
செங்கல் என்றார் கடைக்காரர் பெங் சூன்.
மரம், அங்கிள், மரம் என்றேன்.
ஆமாம், செங்கல் என்று
பழைய கதவுநிலைத் துண்டு ஒன்றைத்
தொப்பென்று மேசையில் போட்டார்.
மலாயில் அது மரத்தின் பேராம்.
கனத்தைப் பார்த்தால் என் காதில் விழுந்ததும்
அவ்வளவு தப்பில்லை.
என் அட்டைக் கையை மரத்தின்மேல் வைத்து
அறுத்துக் கொடுத்தார், நாலு வெள்ளி,
பித்தளை ஆணி தனி.

எவ்வளவு தடிமன்?
துடைப்பக் கட்டையில் சைக்கிள் டியூபைச் சுற்றி
பிடித்துப் பார்த்தேன்.
ஒரு சுற்று, வலி.
இரண்டு, மூன்று, வலி.
ஐந்தாவது சுற்றில்
கட்டைவிரல் ஒன்றும் சொல்லவில்லை.
துடைப்பம் பருமனாக மூலையில் நின்றது இரண்டு நாள்.
யாரை அடிக்க என்றார் தேவசகாயம்.

பத்து மணிக்கு மேல் அடுக்குமாடியில்
துளைக்கருவி ஓடக்கூடாது.
குளியலறையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தேன்.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிகிறோம்,
கத்திக்கும் அதே பேர்.
தூள் சிவப்பாக நீரில் ஓடியது.
சுண்டுவிரல் பக்கம் ஒரு கொக்கி விட்டேன்,
வியர்வையில் நழுவினாலும் அங்கே நிற்கும்.
கட்டைவிரல் சாய ஒரு பள்ளம்,
கிண்ணம் மாதிரி இல்லை,
தலையணையில் தலை விட்டுப்போன அளவு.

பண்ணையில் பசை ஊற்றி, ஆணி அடித்து,
ரப்பர் குழாய்க் கிளிப்பால் இறுக்கி
ஒரு நாள் விட்டோம்.
மறுநாள் மொஃபிசுல்தான் முதலில் எடுத்தான்.
ஒரு மட்டை வெட்டினான்.
திருப்பிப் பிடித்தான், மறுபடி திருப்பினான்,
முகம் சுளித்து நீட்டினான்.
"இதில என் விரலுக்கு இடமே இல்ல, அக்கா."

நான் வாங்கினேன்.
மழை வருகிற மாதிரி இருந்தது.
மூன்றாம் வரிசை வாழை, குலை முற்றி
மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்தது.

போன வாரம் திரும்ப ஆஸ்பத்திரி.
அதே இரும்பு, அதே முள்.
பதினோரு கிலோ, கூடவே இல்லையே என்றாள்
கொஞ்சம் வருத்தமாக.
வாழைக்கு அது தெரியாது
என்று நான் சொல்லவில்லை.
கையை மட்டும் விரித்துக் காட்டினேன்.
விரலிடுக்கில் இன்னும்
செங்கல் தூள்.